முதல் இலை

“தலைக்கு ஒன்றரை அணாவுக்குக் குறைஞ்சா கட்டுப்படியாகாது தம்பி” என்று கையை விரித்தார் சோற்றுக்கடை சேக் முகைதீன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதியில் சோணைமுத்து ஏறி இறங்கிய மூன்றாவது கடை அது. முதல் கடையில் ஆளைப் பார்த்ததுமே வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

சேத்தூரிலிருந்து எட்டுப் பேர் நடந்தே வந்திருந்தார்கள். சாத்தூரில் ரயிலேறி, தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்புத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூட்டம். காலையில் குடித்த கூழோடு சரி, பசி காதை அடைத்தது.

கூட்டிப் போகிற கங்காணி வேலுசாமி, ஊருக்குள் வரமாட்டேன் என்று கண்மாய்க் கரையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். “தலைக்கு ஒரு அணாதான் தருவேன். கடைவீதியிலயே பாரு. வடக்குத் தெருப் பக்கம் மட்டும் போயிராத, அம்புட்டும் கொள்ளைக்காரப் பயலுவ” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

மற்றவர்கள் பிழைக்கப் போகிறார்கள். சோணைமுத்து போவது ஒரு பிடி மண்ணுக்காக. இதே கங்காணியோடு முன்னால் போன அவன் அண்ணன் மாரிச்சாமி, அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனான். சேதியைக் கொண்டுவந்தவரும் கங்காணிதான்.

பிணத்தைப் பார்க்காத வீட்டில் துக்கம் அடங்குமா? அம்மா இன்றைக்கும் கதவைத் தாழ் போடுவதில்லை. பின்னால் யார் செருமினாலும் சோணைமுத்துவுக்கு அண்ணன் செருமுவது போலவே இருக்கும், திரும்பிப் பார்த்து ஏமாறுவான். புதைத்த இடத்து மண்ணைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் செத்தவன் ஆவியின் அலைச்சல் தீரும் என்று ஊரில் சொன்னார்கள்.

புதைத்த இடம் எது என்று கேட்டால் கங்காணி ஒரு நாள் ஓடைக்கரை என்பார், இன்னொரு நாள் மலைச்சரிவு என்பார். ஊர்ப்பட்ட பேரைக் கூட்டிப் போகிறவருக்கு எல்லாமா ஞாபகம் இருக்கும் என்று சோணைமுத்துவும் விட்டுவிட்டான்.

“ஒரு அணாவுக்குச் சோறு வேணும்னா வடக்குத் தெரு சண்முகத்தாய் வீட்டுக்குப் போ” என்றார் சேக் முகைதீன், குரலைத் தாழ்த்தி. “சமையல் நல்லாத்தான் இருக்கும். ஆனா அங்க முதல் இலை செத்தவனுக்கு. பேயோட பந்தியில எவன் உக்காருவான்? அதான் வெலை கொறச்சல்.”

பசித்த வயிற்றுக்கு முன்னால் கங்காணி பேச்சு எம்மாத்திரம்? விளக்கு வைக்கிற நேரத்தில் எட்டுப் பேரும் சண்முகத்தாய் வீட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் சுவரோரம் தனியாக ஓர் இலை போட்டாள். சோறு வைத்து, குழம்பு ஊற்றி, கண்ணை மூடி நின்றாள். காற்று வீசுவதாகத் தெரியவில்லை, ஆனால் அந்த இலையின் நுனி மெல்ல அசைந்தது. ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்கள்.

சோணைமுத்துவுக்குப் பயத்தைவிடத் துக்கம்தான் மேலோங்கியது. “யாருக்குக்கா இது?”

“எங்க வீட்டுக்காரவியளுக்குத் தம்பி. கொழும்புக்குப் போனாக. அங்கயே செத்துட்டாகன்னு ஒரு ஆளு வந்து சொல்லிட்டுப் போனான். முகத்தைக்கூடப் பாக்கக் குடுத்து வைக்கல.”

“எங்கண்ணனும் அங்கதான்க்கா செத்தான். அவிய பேரு என்ன? எங்க கங்காணிக்குத் தெரிஞ்சிருக்கும், கேட்டுச் சொல்லுதேன்.”

சண்முகத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். செத்தாலும் புருஷன் புருஷன்தானே, பேரை எப்படி வாய்விட்டுச் சொல்வாள்? கேட்டது தப்பு என்று சோணைமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தான்.

“ஏலே, எம்புட்டு நேரம்லே திம்பிய? எந்திரிங்கலே!” வாசலில் கங்காணியின் குரல் அதட்டியது. முன்பணம் வாங்கிய ஆட்கள் கம்பி நீட்டிவிட்டார்களோ என்ற பயத்தில், தெருத்தெருவாக விசாரித்து, வேறு வழியில்லாமல் தலையில் முக்காட்டோடு வந்து நின்றார்.

சண்முகத்தாய் கையிலிருந்த அகப்பை நழுவி விழுந்தது. விளக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியவள், முக்காட்டை இழுத்துவிட்டு முகத்துக்கு நேரே வெளிச்சத்தைப் பிடித்தாள்.

“நீங்களா? நீங்க செத்துட்டியன்னு சொல்லித் தாலிய அறுத்துட்டாகளே!”

“ஐயோ, பேய்!” என்று பந்தியே எழுந்து பின்கட்டுக்கு ஓடியது. சோணைமுத்து மட்டும் உட்கார்ந்த இடத்தில் உறைந்துபோனான்.

கங்காணி அவள் வாயைப் பொத்தப் போனார். “ஏட்டி, சத்தம் போடாத. எனக்கு அங்க வேற குடும்பம் ஆயிருச்சு. அப்படிச் சொல்லச் சொல்லி ஆளை அனுப்புனதே நாந்தான்.”

சோணைமுத்து எச்சில் கையோடு பாய்ந்து வந்து அவர் கழுத்துத் துண்டை முறுக்கிப் பிடித்தான்.

“அப்ப எங்கண்ணன் எங்கய்யா இருக்கான்?”