இருநூறு கையெழுத்து

பத்திரப் பதிவுக் கட்டண உயர்வை எதிர்க்கும் மனுவைத் தங்கை முனீஸ்வரி திருப்பிக் கொடுத்தபோது, கையெழுத்துக்காக அதை அவளிடம் கொடுத்திருந்த முத்திருளன் அசந்துபோனான். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, இருநூறு பேரிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள்.

"வாடகை வீட்டுல இருக்கவ நீ. கட்டணம் ஏறுனா ஒனக்கென்ன தாயி? எதுக்கு இம்புட்டு அலைச்சல்?"

"காரணம் இருக்குண்ணே."

அண்ணன் மேல் பாசம், வேறென்ன! முத்திருளனுக்கு நெஞ்சு நிறைந்தது.

"அப்பா வீட்டுல பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்க வெள்ளிக்கெழம பதிவு ஆபீசுக்கு வந்துரு. நம்ம பக்கத்துப் பொம்பளப் புள்ளைக எல்லாரும் செய்யிறதுதான?"

முனீஸ்வரி பூக்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"கண்டிப்பா வாரேண்ணே. ஆனா எழுதிக் குடுக்க இல்ல. கட்டணம் ஏறிட்டா, என் பாதிய என் பேருல எப்படிப் பதியிறது?"