வாயில் நாலு ஆணி

"சொல்லு மகனே" என்று தச்சன் முனகியபோது அவன் வாயில் நாலு ஆணி இருந்தது. அதனால்தான் குரல் அசல் ஃபாதர் குரல் மாதிரியே கரகரவென்று வந்தது.

திரைக்குப் பின்னால் ஃபாதர் உட்கார்ந்து ஊரார் பாவங்களைக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் அவன் போனது தாழ்ப்பாள் மாற்ற. ஃபாதர் ஒரு வாரத் தியானத்துக்குப் போவதாகப் பூசையில் அறிவித்துவிட்டு, கிளம்புகிற அவசரத்தில் கோயில் சாவியை இவன் கையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஃபாதர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துத் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து மண்டியிட்டார்கள். இருமலிலேயே ஆள் தெரிந்துவிட்டது. பெண்டாட்டியின் அண்ணன், ஹார்டுவேர் கடைக்காரர்.

நியாயமாகப் பார்த்தால், "மச்சான், உள்ளே நான்தான்" என்று எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போதாததற்கு மச்சான் எடுத்த எடுப்பிலேயே, ஒரு தச்சன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் ஃபாதர் என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு எந்த மடையன் எழுந்து வருவான்?

விஷயம் இதுதான். கோயிலுக்குப் பன்னிரண்டு புதுப் பெஞ்சு செய்து கொடுத்தவன் இந்தத் தச்சன். மரத்தில் குறை சொல்ல முடியாது, இழைப்பில் முகம் பார்க்கலாம். நாலாவது வாரம், பாடகர் குழு மொத்தமும் அல்லேலூயா பாடிவிட்டு உட்கார்ந்ததும் பெஞ்சு அவர்களோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு ஃபாதர் நேர்மையான உழைப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். நம் ஆண்டவரும் தச்சர்தான், அவர் செய்த பெஞ்சு எதுவாவது உடைந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். கோயிலே திரும்பி இவனைப் பார்த்தது. அன்றோடு சரி, ஒரு முக்காலிக்குக் கால் வைக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை. இந்தத் தாழ்ப்பாள் வேலைகூட வேறு ஆள் கிடைக்காததால் வந்தது. கோயில் வேலை என்பதால் அதற்கும் கூலி கிடையாது.

பசைதான் சரியில்லை என்று அப்போதே தொண்டை வற்றக் கத்திப் பார்த்தான். பசை மச்சான் கடையில் வாங்கியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சபையில் சொல்லி அவர் இவன் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது அதே வாய், மரப் பசையில் வாளி வாளியாகத் தண்ணீர் கலந்த கதையை ஒன்றுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தது. மாடிக்கு மேல் மாடி எடுக்க ஆசை. ரெண்டாவது காருக்கு ஆசை. தங்கச்சி வீட்டில் அடுப்பு எரியாத நாளும் உண்டு என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்று சொல்லும்போது மச்சான் குரல் உடைந்தது.

"அதை அவன்கிட்டயே போய்ச் சொல்லலாமே மகனே?"

"அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ற தைரியம் எனக்கு இல்ல ஃபாதர்."

தச்சனுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஆணியை விழுங்கித் தொலைக்கப்போகிறோமே என்று உள்ளங்கையில் துப்பி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வாயில் போட்டுக்கொண்டான். இந்தச் சந்தர்ப்பத்தை விடுவானா? இத்தனை வருஷம் கேட்ட பிரசங்கமெல்லாம் அருவி மாதிரி கொட்டியது.

சாகும்போது மாடியைத் தலையில் தூக்கிக்கொண்டா போகப் போகிறாய் என்றான். ஒரு சாண் வயிற்றுக்கு ரெண்டு கார் எதற்கு என்றான். இருப்பது போதும் என்று இருக்கப் பழகு, அளவில் கை வைக்காதே என்றான். போகிற போக்கில், அந்தத் தச்சன் சொக்கத் தங்கம், கைவேலையில் அவனை அடிக்க ஆள் கிடையாது, அப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க உன் குடும்பம் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டான். மச்சான் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். சொக்கத் தங்கம் என்ற இடத்தில் மட்டும் லேசாக இருமினார்.

கடைசியில் பரிகாரம் என்ன என்று கேட்டார். தச்சன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் மைக்கைப் பிடிச்சு, பசையில தண்ணி கலந்தது நான்தான், தச்சன்மேல ஒரு தப்பும் இல்லன்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லணும்."

சொன்னால் கடையின் மானம் கப்பலேறும். சொல்லாவிட்டால் இவன் பேர் இப்படியே குப்பையில் கிடக்கும். கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த போலி ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டு நிஜமாகவே ஜெபம் பண்ணினான்.

"சொல்றேன்" என்றார் மச்சான்.

பாவமன்னிப்பு கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்பது தச்சனுக்கு அப்போதுதான் உறைத்தது. சமாதானமாகப் போய் வா என்று மட்டும் சொல்லி, சுத்தியல் பிடித்த கையாலேயே சிலுவை போட்டு அனுப்பினான்.

மச்சான் முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். நாலடி நடந்தவர் திரும்பி வந்து, திரை ஓரமாகக் குனிந்தார்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஃபாதர் ஊர் திரும்பிருவாரா, மாப்பிள்ளை?"