குருமனைதான இது?

கேட் திறக்கும் சத்தம் கேட்டு அவன் துடைப்பத்தைக் கீழே போட்டான்.

ஏசுவடியான்.

சர்ச்சின் புதுப் பாதிரியாருக்கு வைத்த வரவேற்புக் கூட்டத்தில் எழுந்து நின்று, “பொம்பளை ஐயரு இந்த ஊருக்குத் தோதுப்படாது” என்று சொன்ன பெரியவர். அதற்குப் பிறகு சபையார் ஒருவரும் இந்தப் படி ஏறவில்லை. வழியோடு போகிற ஒன்றிரண்டு பேர் மட்டும் அவனைப் பார்த்து, “ஐயரு நீங்கதானா?” என்றார்கள். இல்லை, என் மனைவி எமீமாள் என்றதும் நடையைக் கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எமீமாள் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கம் செய்தாள். வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்தாள். மாற்றல் கேட்டுவிடலாமா என்று நேற்றுத்தான் அவனிடம் கேட்டாள்.

இப்போது எதற்கு வருகிறார் இந்த மனுஷன்?

பெரியவர் படியருகே நின்றார். வாசலுக்கு மேலே கல்லில் வெட்டியிருந்ததை அண்ணாந்து பார்த்தார்.

குருமனை.

குரு குடியிருக்கும் வீடு. அந்தக் காலத்தில் யாரோ வெட்டிவைத்தது. ஊர் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. ஊருக்கு அது ஐயரு வீடுதான்.

“ஐயரு…” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

மறுபடியும் அண்ணாந்து அந்தக் கல்லைப் பார்த்தார்.

“தம்பி, குருமனைதான இது?”

“ஆமா அண்ணாச்சி.”

“குரு இருக்காவளா?”

அவன் திரும்பி உள்ளே கூப்பிட்டான்.

வெளியே ஆட்டோ நின்றது. அதில் பெரியவரின் மருமகள். மடியில், துண்டுக்குள் ஒரு கைப்பிடி உயிர். மாசம் நிறையாமல் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியிலேயே கிடந்த பிள்ளை.

எமீமாள் வாசலுக்கு வந்தாள்.

“பேத்தி பொழச்சுக்கிட்டாம்மா.” பெரியவர் குரல் உடைந்தது. “வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு முன்ன ஒரு ஜெபம் பண்ணணும். நீங்கதான் பண்ணணும்.”

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். செருப்புக்கூடப் போடாமல் ஆட்டோவை நோக்கி ஓடினாள்.

எல்லாரும் உள்ளே வந்தார்கள். பிள்ளையைப் பார்க்க எதிர்வீட்டுக்காரியும் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் யாரோ.

அவன் எல்லாருக்கும் டீ போட அடுப்பைப் பற்றவைத்தான். கூடத்தில் எமீமாளின் குரல் எழுந்தது. நடுவில் குழந்தை வீறிட்டது. ஜெபத்தை மறந்து யாரோ சிரித்தார்கள். எமீமாளும்தான்.

பால் பத்தாது போலிருந்தது.

இந்த ஊருக்கு வந்து முதல் தடவையாக.