வாசலோரத்து அலமாரி

“நான் இங்க தொண்டை கிழியக் கத்துறேன், நீ அவனுக்குக் கதவைத் திறந்து விடுறே! உனக்கு மூளை கீளை இருக்காடா?”

அக்கா மேசையை ஓங்கித் தட்டினாள். மழைக்கோட்டு ஆள் அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டான். கோட்டுக்குள் புத்தகம் புடைத்துக்கொண்டிருந்ததை அவள் திரும்பிப் பார்த்தபோது கண்டுவிட்டாள்.

“ரெண்டு கையும் கோட்டுக்குள்ள மாட்டிக்கிச்சுக்கா. கதவைத் தள்ள முடியாம நின்னாரு, பாவம்” என்றான் தம்பி.

“பாவமா? திருடன்டா அவன்!”

தம்பி புத்தகம் அச்சிடுகிறவன். அக்கா அவற்றை விற்கிறவள். அவன் போடுகிற புத்தகங்களில் பாதியைப் பெரிய கடைக்காரர்கள் கையால்கூடத் தொட மாட்டார்கள். கடைசியாகப் போட்டது ‘யாருடைய ஆலை? முதல் பாகம்’. நூற்பாலையில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுதியது. முதலாளி எந்தெந்த அதிகாரிக்கு விருந்து வைக்கிறார் என்பதைப் பெயரோடு எழுதிவிட்டார். வெளிவந்த வாரமே தடை வந்துவிட்டது.

வழக்கு முடியும்வரை ஒரு பிரதியைக்கூட விற்கக் கூடாது, சும்மா கொடுக்கக் கூடாது, இரவலும் தரக் கூடாது. எல்லாம் கடையிலேயே ஓர் அலமாரியில் இருக்க வேண்டும். சரியான காரணம் காட்டாமல் குறைந்தால் விற்றதாகவே கொள்ளப்பட்டு, கடைக்குச் சீல் வைக்கப்படும். கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைதான் அவர்களின் வீடு.

அந்த அலமாரிதான் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது.

“நேத்து அந்த நர்ஸம்மா. அதுக்கு முன்னாடி ஒரு கர்ப்பிணி. வந்தப்போ இருந்த வயிறு போறப்போ இன்னும் பெருசா இருந்துச்சு! பூட்டுப் போடுடான்னா கேக்குறியா?”

“அதிகாரிங்க எப்ப வந்தாலும் கண்ணுல படணும்னு உத்தரவு இருக்குக்கா.”

“அப்ப உள்ள தள்ளி வை. வாசலோரத்துல எதுக்கு?”

“அங்கதான் வெளிச்சம்.”

“வாசல் மணியை எதுக்குக் கழட்டினே?”

“சத்தம் தாங்கலை. புரூஃப் பார்க்க முடியலை.”

“என் நாற்காலியை எதுக்குச் சுவரைப் பார்த்துப் போட்டே?”

“உனக்குத்தானே கழுத்து வலி? வாசக் காத்து முகத்துல அடிக்க வேணாம்னுதான்...”

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இவனுக்கு உலகத்தைத் திருத்தத் தெரியும். ஒரு அலமாரியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது.

“நான் ஸ்டேஷனுக்குப் போறேன்.”

தம்பி பதறி எழுந்தான். “அக்கா, வேணாம்! இந்தக் கடைக்குள்ள போலீஸ் தானா வந்ததுதான் உண்டு. நாமளாக் கூப்பிட்டதில்லை.”

“நடுத்தெருவுல நிக்கிறப்போ இந்தப் பெருமையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?” குடையை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

அவளுடன் வந்த ஏட்டு, வேண்டாவெறுப்பாகக் காலைத் தேய்த்து உள்ளே நுழைந்தார். “புத்தகத் திருட்டாம். ஊர்ல நகை நட்டெல்லாம் தீந்துபோச்சா?” என்று சலித்துக்கொண்டே கடையைச் சுற்றிப் பார்த்தார்.

“இந்த அலமாரியை வாசலோரமா வச்சது யாரு? மணி மாட்டுற கொக்கி சும்மா தொங்குதே, மணி எங்க? நாற்காலி ஏன் சுவரைப் பார்த்துக் கிடக்கு?”

தம்பியின் முகம் வெளுத்தது.

இத்தனை நாளாக அவள் கத்திக் கேட்ட கேள்விகளே போலீஸ்காரர் வாயிலிருந்து வந்தபோதுதான், அத்தனைக்கும் பதில் ஒன்றுதான் என்பது அக்காவுக்கு உறைத்தது. விற்கக் கூடாது. கொடுக்கக் கூடாது. இரவல் தரக் கூடாது. திருட விடக் கூடாது என்று மட்டும் உத்தரவில் இல்லை. அட, படுபாவி!

அவனைக் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. அப்புறம் அறைந்துகொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள்.

“எல்லாம் நான் சொல்லித்தான் சார். அலமாரிக்கு வெளிச்சம் வேணும். மணிச் சத்தம் எனக்கு ஆகாது. கழுத்து வலி, அதான் நாற்காலி அப்படி இருக்கு.”

“திருடினவன் பார்க்க எப்படி இருந்தான்?”

“சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவளைக் கேட்டா எப்படி?”

“ஸ்டேஷன்ல மழைக்கோட்டுன்னீங்க?”

“மழைக்காலம். ஊரே கோட்டு போட்டிருக்கு.”

“அப்புறம் திருட்டுன்னு எதை வச்சும்மா சொல்றீங்க?”

“நாங்க விக்கலை. கொடுக்கலை. இரவலும் தரலை. இருந்த புத்தகத்தைக் காணோம். இதுக்கு வேற பேரு இருந்தா நீங்களே எழுதிக்குங்க.”

ஏட்டு அவளையே சற்று நேரம் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பெருமூச்சு விட்டு, அலமாரி மேலேயே காகிதத்தை வைத்து எழுதினார். ‘பிரதிகள் குறைந்தது திருட்டினால். கடைக்காரர்கள் மீது தவறில்லை.’ கையெழுத்துப் போட்டு ஒரு நகலை அவளிடம் நீட்டினார்.

கடைக்குச் சீல் வராது. அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போன ஏட்டு, படியில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தம்பி பக்கம் குனிந்து, எரிச்சலோடு குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டாம் பாகம் எப்பய்யா திருட்டுப் போகும்? வீட்ல கேட்டுக் கேட்டு என் உயிரை எடுக்கிறாங்க.”