கயிற்றுக்கு அந்தப் பக்கம்

மூன்றாவது முறையாகக் குழந்தை, திமிங்கல எலும்புக்கூட்டைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் புகுந்தது. காவலர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"திமிங்கலம் செத்து நூறு வருஷமாச்சும்மா. உங்க பொண்ணு கையால இன்னொரு தடவ சாகணுமா? பிள்ளையப் பிடிங்க."

தாய் தலையாட்டினாள். ஆனால் பிடிக்கவில்லை. கைப்பேசியில் மணி பார்த்தாள். நாலே முக்கால். ஐந்துக்கு அருங்காட்சியகத்தை மூடிவிடுவார்கள். ஐந்தரைக்குக் கணவன் வருவதற்குள் அவள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

வாசலில் மேற்பார்வையாளர் வந்து நின்றார். காவலர் சட்டென்று நாற்காலிக்குத் திரும்பினார்.

பார்வையாளர்களை எச்சரிக்கலாம், நின்று பேசக் கூடாது. அது மேற்பார்வையாளர் போட்ட விதி. பக்கத்து அறைக் காவலருக்குப் போன வாரம் அதனால்தான் வேலை போனது. இவருக்கு அறுபத்திரண்டு வயது. இதை விட்டால் வேறு வேலை கிடைக்காது.

தாயின் கைப்பேசி அதிர்ந்தது. கணவன். டாக்டரிடம் இன்னும் கூட்டமாக இருக்கிறது என்றாள். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டதற்கு, தேவலை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

குழந்தைக்கு எலும்புக்கூடு அலுத்துப்போயிருந்தது. கயிற்றுக்கு வெளியே வந்து தரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றியது, வீட்டுக்குப் போகலாம் என்று சிணுங்கியது. தாய் செருப்பை மாட்டி அதை எழுப்பி நிறுத்தினாள். வாசலை ஒரு முறை பார்த்தாள். பிறகு குழந்தையின் முதுகில் கைவைத்து, கயிற்றின் பக்கமாக லேசாகத் தள்ளினாள்.

குழந்தை உள்ளே ஓடி ஒரு விலா எலும்பைக் கட்டிக்கொண்டது.

காவலர் ஓடினார். இரண்டு எலும்புகளுக்கு நடுவே குனிந்து குழந்தையைத் தூக்கினார். அது அவர் தொப்பியைப் பிடித்து இழுத்தது.

"என்னய்யா நடக்குது அங்க?" என்றார் மேற்பார்வையாளர்.

"ஒண்ணுமில்ல சார். எச்சரிச்சுட்டுதான் இருக்கேன்."

இன்னொரு முறை நடந்தால் இருவரையும் வெளியே அனுப்பிவிடச் சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார். செருப்புச் சத்தம் தேயும்வரை காவலர் அசையவில்லை. குழந்தையும் அவர் தோளிலேயே இருந்தது.

மூடும் மணி அடித்தது. தாய் கையை நீட்டினாள். அவர் கொடுக்கத் தயங்கினார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அடுத்த வாரமும் தூக்கிட்டு வர்றேன். உங்க மகனுக்கு மட்டும் தெரிய வேண்டாம், மாமா."