கம்பியண்ணனின் எண்ணெய்க் குளியல்

இருட்டிய பிறகு பட்டறையிலிருந்து 'கிறீச்' என்று ஒரு விநோதச் சத்தம் கேட்டது. கழுத்தின் தடிப்பைக் கத்தியில் சீராகச் சீவிக்கொள்வதற்காக, வாய்க்குள் நுழைந்து தாங்கும் எஃகுக் கம்பியில் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்த துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுப் பித்தளை உறைதான் அலறியது.

"அண்ணே, சூடாகிப் பருத்துட்டீங்க! என் கழுத்து மாட்டிக்கிச்சு. இன்னொரு சுத்து சுத்தினா கிழிஞ்சிடும்!"

"நானா பருத்தேன்? உன் கழுத்துதான் சுருங்கிடுச்சு," என்றது கம்பி.

பக்கத்திலிருந்த எண்ணெய்க் குப்பிக்குச் சிரிப்பு வந்தது. "காலையிலிருந்து ஓயாம சீவினா சூடேறாதா? கொஞ்சம் நில்லுங்கண்ணே."

கம்பி முறைத்துக்கொண்டே நின்றது. சூடு தணிந்ததும் உறை கீறலின்றி வழுக்கி இறங்கியது.

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு அடுத்த உறையை ஏத்துங்களேன்," என்றது குப்பி.

"எனக்கெதுக்கு எண்ணெய்? நான்தான் பருக்கவே இல்லையே!"

சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது குப்பியையும் இழுத்துக்கொண்டு தன் பெட்டிக்குள் நுழைந்து, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டது.