துணைக்குப் போகிறவள்

“துணிமணிய எடுத்து வை, அம்மிணி. நாலு மணி பஸ்ஸுக்குக் கொள்ளேகால் போயிரலாம்.”

ரத்தினசாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று சொன்னார். தங்கை சௌம்யா கணவனைப் பார்த்தாள். கணேஷ்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“உக்காருங்க மச்சான். காப்பி குடிக்கலாம்.”

“உங்க வூட்ல காப்பியும் குடிப்பீங்களா மாப்ள?”

கணேஷ்குமார் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. மைசூரில் அவன் குடியிருக்கும் தெரு முழுக்க விஷயம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குடிநோய் சிகிச்சை மையத்துக்குப் போகிறான். துணைக்கு மனைவியும் போகிறாள். ‘பாவம் அந்தப் பொண்ணு’ என்று தெருவே உச்சுக் கொட்டியது. கீழ்வீட்டுக்காரர் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தசராவுக்கு வந்தப்ப எம் பொண்டாட்டி மாதேவி ராகி டப்பாவுல கையை விட்டா. ஆறு காலி பிராந்திப் பாக்கெட்டு! அவ முன்னால எனக்குத் தலையே நிமிரல. ஒளிச்சு வெக்கிறதுக்கு உங்களுக்கு அடுப்படிதான் கெடச்சுதா?”

“தப்புதான் மச்சான்.”

“தப்புன்னு சொன்னா ஆச்சா? எங்கப்பன் குடிச்சே செத்தான். அந்த வூட்ல பொறந்து இவ பட்டது பத்தாதா? போன வருசம் ஆறு மாசத்துல வயித்துப் புள்ள போச்சு. அப்பவாச்சும் பக்கத்துல இருந்தீங்களா? நைட் ஷிப்ட், ஓவர் டைம்னு கம்பெனியே கதின்னு கெடந்தீங்க. இவ ஒண்டியா செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தா.”

கணேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை பேச்சில் இந்த ஒன்றுதான் அவனுக்கு வலித்தது.

“இன்னும் ஆறு வாரம் சிகிச்சை இருக்கு மச்சான். நடுவுல விட்டா பழையபடி ஆயிரும்னு டாக்டரம்மா சொல்றாங்க. அதுவரைக்கும் சௌம்யா இங்க இருக்கட்டும். உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

“சிகிச்சைக்கு நீங்க போங்க. அவ எதுக்கு?”

“ரெண்டு பேரும் சேந்துதான் போகணும்.”

“குடிகாரனுங்க கூடுற எடத்துல பொம்பளைக்கு என்ன வேலை? ஊர்ல தெரிஞ்சா எங்க மானம் என்னாகறது?”

“அதுக்குத்தான் மச்சான்...” என்று ஆரம்பித்த கணேஷ்குமார், சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

சௌம்யா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போய்விட்டால் சிகிச்சை அத்தோடு சரி என்பது அவளுக்குத் தெரியும். அண்ணன் ஒரு முடிவோடு வந்திருக்கிறார் என்பதும் தெரியும்.

ரத்தினசாமி கெட்டவர் இல்லை. தங்கை முகத்தைப் பார்த்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மாதேஸ்வரன் மலை விபூதி. கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிற ஆள்கூட அவர்கள் பக்கத்தில் மாதேஸ்வரன் மேல் பொய்ச் சத்தியம் செய்யமாட்டான். செய்தால் வம்சமே விளங்காது என்று பயம்.

“இதும் மேல கைய வெச்சு, ‘நான் குடிச்சேன், இனித் தொடமாட்டேன்’னு சத்தியம் பண்ணுங்க மாப்ள. ஆறு வாரம் இவள விட்டுட்டுப் போறேன். முடியாதுன்னா இப்பவே கூட்டிட்டுப் போயிருவேன்.”

கணேஷ்குமார் யோசிக்கவே இல்லை. கையை நீட்டிவிட்டான்.

“வேண்டாங்க!”

சௌம்யா பாய்ந்து வந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். தன் கையை விபூதியின் மேல் அழுத்தி வைத்தாள்.

“நீ குறுக்க வராத அம்மிணி,” என்று ரத்தினசாமி அதட்டினார். “புருசனுக்காகப் பொண்டாட்டி பண்ற சத்தியம் செல்லாது.”

“அவருக்காக இல்லீங்கண்ணா. அவரு வாயில இன்னை வரைக்கும் ஒரு சொட்டுப் பட்டதில்ல,” என்றாள் சௌம்யா. “நான்தான் குடிச்சேன். இனித் தொடமாட்டேன்.”